மாமியாருக்கு இன்சுலின் போடலாமா? சுகாதாரப் புகார் ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலிய மாநிலங்களில் சுகாதாரப் புகார்களை விசாரிக்கும் ஆணையர்களுக்கு,

வணக்கம்.

நான் 11 வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். பராமரிப்புப் பணியாளர்களான எங்களை மெல்பர்னில் பிசிஏ என்பார்கள், சிட்னிப் பக்கம் ஏஐஎன் என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, வேலை ஒன்றுதான். குளிப்பாட்ட வேண்டும், உடை மாற்ற வேண்டும், ஊட்ட வேண்டும், பேட் மாற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பயந்து எழுந்து, செத்துப்போன கணவரைத் தேடும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குப் புரியாவிட்டால் 131 450 என்ற எண்ணை அழையுங்கள், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். எங்களுக்கு ஆங்கிலக் கடிதம் வரும்போது நீங்கள் சொல்லும் வழியும் அதுதானே. ஆனால் உங்களுக்கு முன்னால், என்னைப் போல செர்ட் த்ரீ என்ற பராமரிப்புப் படிப்பை முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த தமிழ்ப் பெண்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

என்னுடன் வேலை பார்த்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரையோ, இல்லத்தின் பெயரையோ, எந்த மாநிலம் என்பதையோ சொல்லப்போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிஃப்ட். எங்கள் பகுதிக்கு இரண்டு பேர், அக்காவும் நானும். 86 வயது அம்மா ஒருவரை நாற்காலியிலிருந்து படுக்கைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவருக்கு டிமென்ஷியா. கால் ஊன்ற முடியாது என்பதால் லிஃப்டர் என்ற தூக்கும் இயந்திரம் போட்டுத்தான் தூக்குவோம். லிஃப்டருக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். ஒருவர் ரிமோட்டைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் உடம்பைத் தாங்கிக் காலை ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். உடம்பைத் தாங்கும் துணியான ஸ்லிங்கை மாட்டினோம், அம்மா மேலே எழும்பினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் உதவிக்கு அழைக்கும் பஸ்ஸர் அடித்தது, கூடவே ஏதோ விழுந்த சத்தம். ஒருவர் டாய்லெட்டில் விழுந்து கிடந்தார். அங்கே ஓடிய அந்த இரண்டாவது ஆள் நான்தான்.

அந்தரத்தில் தொங்கும் ஒருவரை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. அந்த அம்மா பயந்து கத்த ஆரம்பித்தார், கைகளை வீசினார். அக்கா ஒரு கையில் ரிமோட்டும் மறு கையில் அவர் முழங்கையுமாகத் தனியாகப் படுக்கையில் இறக்கினார். இறக்கும்போது வலது கால் லிஃப்டரின் கம்பியில் உரசியது. முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் பிய்ந்தது. அந்த வயதில் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், பிளாஸ்டரை இழுத்தாலே கூட வந்துவிடும். நாங்கள் அதை ஸ்கின் டேர் என்போம். அக்கா உடனே நர்ஸைக் கூப்பிட்டார், கட்டுப் போட்டார்கள். இன்சிடென்ட் ரிப்போர்ட்டை அக்காவே எழுதினார். 'தனியாக இறக்கினேன்' என்று மறைக்காமல் எழுதினார். பிறகு அதே வரிதான் அவருக்கு எதிராக நின்றது.

மறுநாள் மகள் வந்தார். கால் கட்டையும் முழங்கையில் விரல் பட்ட கன்றலையும் பார்த்தார். அம்மாவிடம் கேட்டதற்கு, 'அவள் என்னைப் பிடித்துத் தள்ளினாள்' என்றாராம். அந்த மகளைக் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவாக இருந்திருந்தால் நானும் புகார்தான் கொடுத்திருப்பேன்.

இல்லத்தில் அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். கொஞ்ச நாளில் உங்களைப் போன்ற ஓர் அலுவலகத்திலிருந்து இடைக்காலத் தடை உத்தரவு வந்தது.

அந்த உத்தரவை அவர் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து நாங்கள் இருவரும் படித்தோம். நாலைந்து தடவை படித்திருப்போம். சுகாதாரச் சேவை எதையும், சம்பளத்துக்கானாலும் சம்பளம் இல்லாமலானாலும், மருத்துவம் சார்ந்ததானாலும் சாராததானாலும், அவர் வழங்கக் கூடாது. வழங்குவதாக விளம்பரப்படுத்தக் கூடாது. பிறர் மூலம் வழங்கச் செய்யவும் கூடாது. மீறினால் குற்றம், அபராதமும் சிறையும் வரை போகலாம். ஓட்டை இல்லாமல் எழுதியிருந்தார்கள். திருடன் நுழைய ஒரு சந்தும் விடாமல் கட்டிய மதில்தான். ஆனால் உள்ளே நிற்பவருக்கும் வாசல் எங்கே என்று தெரியவில்லை.

அக்கா நிமிர்ந்து பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, 'அப்போ மாமிக்கு இன்சுலின் போடலாமா, கூடாதா?'

அவருடைய மாமியார் அவர்களுடன்தான் இருக்கிறார். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை ஊசி. ஏழு வருடமாக அக்காதான் போடுகிறார். கணவருக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். 'சம்பளம் இல்லாமலானாலும்' என்று போட்டிருக்கிறதே, வீட்டு ஆளுக்குச் செய்வது அதில் வருமா? முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனால், அது 'மருத்துவம் சாராத' சேவை ஆகுமா? கோயிலில் வருடா வருடம் ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் போடுகிறார்கள், அங்கே நாற்காலி போட்டு வரிசையை ஒழுங்குபடுத்தலாமா?

சட்டம் படித்தவர்கள் சிரிக்கலாம். வீட்டு மாமியாருக்கு ஊசி போட்டதற்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்று சொல்லலாம். சரி, அதை உத்தரவிலேயே ஒரு வரியாக எழுதியிருக்கலாமே. போன் செய்து கேட்டோம். மறுமுனையில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். உத்தரவில் உள்ளதற்கு மேல் தன்னால் விளக்கம் தர முடியாது, வழக்கறிஞரைக் கேளுங்கள் என்றார். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர், அதுவும் அந்த வாரத்திலிருந்து நின்றுபோனவர், வழக்கறிஞருக்கு எங்கே போவார்? அக்கா கேஷுவல், நிரந்தர வேலை இல்லை. யூனியனிலும் சேரவில்லை. (சேருங்கள் பெண்களே. சந்தா கட்டக் கையைப் பிசைகிறோம், நாளைக்கு நம் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.)

கடைசியில் நான் ஊசி போட்டேன். நைட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், காலை ஆறேகாலுக்கு அவர்கள் வீட்டில் வண்டியை நிறுத்துவேன். பிரிட்ஜிலிருந்து பேனா ஊசியை எடுத்து, எண்ணைத் திருகி, மாமியின் வயிற்றுப் பக்கம் போடுவேன். ராத்திரி ஊசியைப் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொண்டார். எங்கள் இல்லத்தில் இன்சுலினை நர்ஸ்தான் போடுவார், நான் தொட முடியாது. இங்கே பயிற்சியும் பழக்கமும் உள்ள மருமகள் கைகட்டித் தள்ளி நின்று பார்க்க, நான் போட்டேன். மாமிக்கு விஷயம் தெரியாது. 'ஏன் இவள் வருகிறாள், உனக்கு என்ன ஆச்சு?' என்று தினமும் கேட்பார்.

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், அங்கே தங்கியிருந்த ஒரு ரெசிடென்டின் வங்கி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு பணம் எடுத்தவனைப் பற்றி நானே புகார் கொடுத்திருக்கிறேன். உடன் வேலை பார்ப்பவரால் ஆபத்து என்று தெரிந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று உங்கள் நடத்தை விதிகளே சொல்கின்றன. அதை ஏற்றுக்கொண்டுதான் வேலை செய்கிறோம். தொடக் கூடாத இடத்தில் தொட்டவனுக்கும், வாய் பேச முடியாதவரை அடித்தவனுக்கும் ஆயுசுக்கும் தடை போடுங்கள். விக்டோரியாவில் போட்ட தடையைக் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் மதிக்கிறார்களே, அதுவும் நல்லதுதான். எல்லை தாண்டி வேறு ஏஜென்சியில் அவன் பெயர் கொடுத்துச் சேர்ந்துவிடக் கூடாது.

என் குறை இந்த ஏற்பாட்டின் அடித்தளத்தில் இருக்கிறது. 2010 ஜூலையில் நாடு முழுவதற்கும் தொழில்முறைப் பதிவு வந்தது. மருத்துவர், நர்ஸ், மருந்தாளுநர் என்று இப்போது 16 தொழில்கள் அதில் இருக்கின்றன. ஒரு நர்ஸ் மேல் புகார் வந்தால் அவர் தொழிலைத் தெரிந்த ஒரு வாரியம் இருக்கிறது. மேற்பார்வையில் வேலை செய், இந்தப் பயிற்சியை முடி, இன்ன தேதியில் மறுபடி பார்ப்போம் என்று நிபந்தனை போட்டு அவரை வேலையில் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. நாங்கள் அந்தப் பதிவேட்டில் இல்லை. எங்களுக்கு 2008இல் நியூ சவுத் வேல்ஸ் முதலில் ஒரு நடத்தை விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. 2015 ஏப்ரலில் மாநில அமைச்சர்கள் கூடி அதைத் தேசிய விதியாக ஒப்புக்கொண்டார்கள். விக்டோரியாவில் 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்த முறைக்கு அதிகாரிகள் வைத்திருக்கும் பெயர் 'எதிர்மறை உரிமம்'. அதாவது, யார் வேண்டுமானாலும் வேலைக்கு வரலாம், தப்புச் செய்தவரை மட்டும் வெளியே அனுப்புவோம். 11 வருடம் ஒழுங்காக வேலை பார்த்த என் பெயர் எந்த அரசுப் பதிவேட்டிலும் பராமரிப்புப் பணியாளர் என்று இல்லை. நாளைக்குத் தடை போட்டால் இருக்கும்.

முதியோர் பராமரிப்பு பற்றி விசாரிக்க அரசு அமைத்த ராயல் கமிஷன் 2021 மார்ச்சில் வெளிவந்த அறிக்கையில் 148 பரிந்துரைகள் செய்தது. எங்களைப் போன்றவர்களுக்குத் தேசியப் பதிவு வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 2022 ஜூலை 1க்குள் செய்யச் சொன்னார்கள். அந்தத் தேதி போய் எத்தனை ரோஸ்டர் (ஷிஃப்ட் பட்டியல்) மாறிவிட்டது! அது உங்கள் கையில் இல்லை, கான்பெராவில் உள்ள மத்திய அரசின் கையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்படி ஒன்று இல்லாததால் வரும் பாதிப்பை உங்கள் மேசையில்தான் தினமும் பார்க்கிறீர்கள். நீங்கள் சொன்னால் அங்கே காது கொடுப்பார்கள்.

இன்னொரு விஷயம் என் மனதை அதைவிட அதிகமாக அறுக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ரோஸ்டரை யார் பார்த்தார்கள்?

அக்காவின் நடத்தையை விசாரிப்பது மாநில அலுவலகம். இல்லத்தை விசாரிப்பது மத்திய அரசின் முதியோர் பராமரிப்புத் தர ஆணையம். கடுமையான சம்பவங்களை இல்லங்கள் அங்கே தெரிவிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலிலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. 2022 டிசம்பரிலிருந்து அந்த ஆணையத்துக்கும் ஒரு நடத்தை விதித் தொகுப்பு, பணியாளரைத் தடை செய்யும் அதிகாரம். மாற்றுத்திறனாளிகளுக்கான என்டிஐஎஸ் திட்டத்தின் பக்கம் போனால் அங்கே தனியாக ஒரு ஆணையம், தனியாக ஒரு தடை. ஒரே பெண்ணுக்கு மூன்று கதவிலும் பூட்டுப் போட ஆள் இருக்கிறார்கள். இரவில் அத்தனை அறைகளுக்கு இரண்டே பேரை ஏன் போட்டார்கள் என்ற கேள்வி மட்டும் ஒரு அலுவலகத்து இழுப்பறையிலிருந்து இன்னொரு அலுவலகத்து இழுப்பறைக்குப் போகிறதே தவிர, அக்கா மேல் வந்த புகாரும் அந்த ரோஸ்டரும் ஒரே மேசைக்கு வருவதில்லை.

2024 அக்டோபரிலிருந்து ஒரு ரெசிடென்டுக்கு நாளுக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற நர்ஸ் தர வேண்டும் என்று விதி. காகிதத்தில் நல்ல விதி. ஆனால் சராசரி என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய இரவு ஒளிந்துகொள்ளும் என்பது நைட் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலைக் குளியல் நேரத்தில் ஏழெட்டுப் பேர் நடமாடுவார்கள், கணக்குச் சரியாகிவிடும். ராத்திரி ஒரே நேரத்தில் ஒரு லிஃப்டரும் ஒரு பஸ்ஸரும் வந்தால், யாரை அந்தரத்தில் விடுவது என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டும்.

அந்த விசாரணை நடந்த ஐந்து மாதத்தில் என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறையை விட்டு ஓடியவள் நான். 'நீ ஏன் போனாய்?' என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ரிப்போர்ட்டில் என் பெயர் இருந்தது. இல்லத்து நிர்வாகத்திடம் நானே போய் எழுதித் தருகிறேன் என்றேன். 'தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள்' என்றார்கள். நேரே உங்களைப் போன்றவர்களுக்கே எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பயம். நானும் விசா, வேலை, பிள்ளைகள் என்று நிற்பவள்தான். அந்தப் பயத்தை இந்த மடலில் ஒப்புக்கொள்கிறேன்.

இடைக்கால உத்தரவுக்குக் காலவரம்பு உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 8 வாரம், விக்டோரியாவில் 12 வாரம் வரை. அந்தக் காலம் முடிந்ததும் மறுபடி போடலாம். அக்காவுக்கும் மறுபடி போட்டார்கள். இரண்டாவது கடிதம் வந்த அன்று அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

பெயர் வெளியானதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மக்கள் தெரிந்துகொள்ளத்தான் வெளியிடுகிறீர்கள், புரிகிறது. இரண்டே நாளில் அது ஸ்கிரீன்ஷாட்டாக எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. கீழே யாரோ கையெடுத்துக் கும்பிடும் படம் போட்டிருந்தார், அது எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. நம் பெயர்களில் இன்னொரு சிக்கல். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒருத்தி அப்பா பெயரை எழுதுவாள், இன்னொருத்தி கணவர் பெயரை எழுதுவாள். ஒரே பெயர் நாலு பேருக்கு இருக்கும். அக்காவின் அதே பெயருள்ள இன்னொரு பெண்ணை, அக்காவை முன்பின் தெரியாதவரை, ஏஜென்சியில் இரண்டு வாரம் ஷிஃப்டுக்குக் கூப்பிடவில்லை. விசாரணை முடிந்தது. இறுதித் தடை எதுவும் போடவில்லை என்று அக்காவுக்குச் சின்னக் கடிதம் ஒன்று வந்தது. அதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்க யாரும் இல்லை.

உங்களிடம் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடைக்கால உத்தரவோடு எளிய மொழியில் ஒரு பக்கம் இணையுங்கள், பணியாளரின் தாய்மொழியில். வீட்டில் எது செய்யலாம், வேறு என்ன வேலைக்குப் போகலாம், யாரிடம் இலவசமாகச் சட்ட உதவி கேட்கலாம் என்பவை அதில் இருக்கட்டும். முழுத் தடைக்கு முன்னால் நிபந்தனையை யோசியுங்கள். சட்டம் உங்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. 'லிஃப்டர் வேலை செய்யக் கூடாது, மேற்பார்வை உள்ள பகல் ஷிஃப்டில் மட்டும்' என்று எழுதியிருந்தால் அந்த 86 வயது அம்மாவுக்கும் பாதுகாப்பு, அக்காவின் அடுப்பும் எரிந்திருக்கும். அப்புறம், இல்லத்தில் நடந்த சம்பவம் என்றால் அந்த ஷிஃப்டின் ரோஸ்டரையும் பஸ்ஸர் பதிவையும் முதல் வாரமே கேட்டு வாங்குங்கள். பஸ்ஸர் எத்தனை மணிக்கு அடித்தது, எத்தனை மணிக்கு அணைத்தோம் என்பதைக் கணினி பதிந்து வைத்திருக்கும். அன்றைய பதிவை ஒருவர் எடுத்துப் பார்த்திருந்தால், நான் பக்கத்து அறையில் எத்தனை நிமிடம் தரையில் மண்டியிட்டு இருந்தேன் என்பது தெரிந்திருக்கும்.

அக்கா இப்போது ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறார். திரும்பி வாருங்கள் என்று இல்லத்தில் கேட்டார்கள், ஆள் பற்றாக்குறை. அவர் போகவில்லை. 'பெட்டி விழுந்தால் பெட்டிதானே' என்றார். அந்த 86 வயது அம்மா போன மாதம் இறந்துபோனார். அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'கால் புண் ஆறிச்சா?' என்று கேட்டார். ஆறிவிட்டது என்றேன். ஆறித்தான் இருந்தது, நானே கட்டு அவிழ்த்ததைப் பார்த்தேன்.

மாமிக்கு இப்போது மறுபடி அக்காவே ஊசி போடுகிறார். ஆனால் அந்தச் சமையலறைக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இனி இப்படி ஒரு உத்தரவைக் கையில் வாங்கப்போகிறவர் வீட்டிலும் ஒரு மாமியாரோ, அப்பாவோ, உடம்பு முடியாத பிள்ளையோ இருக்கலாம். போடலாமா, கூடாதா? தயவுசெய்து எழுத்தில் அனுப்புங்கள், தமிழில் அனுப்பினால் இன்னும் நல்லது. இன்சுலின் பேனா இருக்கும் அதே பிரிட்ஜின் கதவில் ஒட்டி வைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அன்று இரவு அந்த அறையை விட்டு ஓடிய இரண்டாவது ஆள்